மாதம் 1,500ஆ, 2,000ஆ? மாற்றுத்திறனாளி உதவித்தொகை: மேனாம்பேடு மக்களுக்கு ஒரு விளக்கம்

(மேனாம்பேட்டில் நம் பகுதி ஐ.டி. விங் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாதவர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)



நான் படிச்சது இன்ஜினியரிங். ஒரு மெஷின் ஓடலைன்னா மொத்தத்தையும் திட்ட மாட்டோம். எந்த இடத்துல நின்னுச்சுன்னு பார்ப்போம். மாற்றுத்திறனாளி உதவித்தொகையையும் அப்படித்தான் பார்க்கணும். "மனு கொடுத்தேன், வரலை"ன்னு நீங்க சொன்னா, நான் முதல்ல கேட்கிற கேள்வி: எந்த ஆபீஸ்ல கொடுத்தீங்க?

ஏன்னா இதுக்கு இரண்டு வாசல் இருக்கு.

முதல் வாசல், வருவாய்த்துறை. தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் பார்க்கிற ஓய்வூதியம். 18 வயசு முடிஞ்சு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ பாதிப்பு இருந்து, வருமானத் தகுதியும் பொருந்தினா இது. 1,000 ரூபாயா இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாய் ஆனது.

இரண்டாவது வாசல், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தருகிற பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். 75 சதவீதத்துக்கு மேல் கடுமையா பாதிக்கப்பட்டவர்கள், 40 சதவீதத்துக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு போன்ற பிரிவினருக்கு இது. குழந்தைகளுக்கும் உண்டு.

இரண்டையும் ஒரே ஆள் வாங்க முடியாது. இரண்டாவது வாசலுக்குத் தகுதி இருந்தும் முதல் வாசல்லயே நிற்கிறவங்களுக்கு மாதம் 500 ரூபாய் நஷ்டம். வருஷத்துக்கு 6,000. வீட்டில் யாராவது 1,500 வாங்கிக்கிட்டு இருந்தா, அட்டையில் இருக்கிற பாதிப்பு வகையையும் சதவீதத்தையும் இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

இப்போ மேனாம்பேட்டுக்கே உரிய ஒரு சிக்கல். அம்பத்தூர் தாலுகா முன்னாடி திருவள்ளூர் மாவட்டம். 2011ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோட சேர்ந்தது. ஆனா வருவாய் மாவட்டம் அப்போ மாறலை. 2018ல்தான் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்துக்கு வந்தது. அதனால பழைய அடையாள அட்டைப் புத்தகத்தில் இன்னும் பலருக்கு "திருவள்ளூர்"னு இருக்கு. அதை நம்பி ரயில் ஏறித் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் போனா, "நீங்க சென்னை"ன்னு திருப்பி அனுப்புவாங்க. ஆவடி, திருமுல்லைவாயல்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு இன்னமும் திருவள்ளூர்தான். அவங்க போன வழி நமக்குச் சரிப்படாது. வீல்சேர்ல பிள்ளையை வச்சு ஒரு நாள் கூலியை விட்டுட்டுப் போறவங்களுக்கு இந்த ஒரு தகவல் ரொம்பப் பெருசு. முகவரியை யூ.டி.ஐ.டி.யில சென்னை மாவட்டம்னு மாத்தி வச்சுக்கோங்க.

யூ.டி.ஐ.டி.ன்னா நாடு முழுக்கச் செல்லுபடியாகிற தனித்துவ அடையாள அட்டை. கலரே விஷயத்தைச் சொல்லும்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40லிருந்து 80க்குள் மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம். 1995 சட்டத்தில் 7 வகை பாதிப்புதான் இருந்தது. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் இப்போ உள்ளே. "முன்னாடி கேட்டேன், கிடையாதுன்னுட்டாங்க"ன்னு விட்டவங்க மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அடுத்து, எஸ்டேட்டில் வேலை செய்றவங்களுக்கு. 1960கள்ல வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டைதான் நம்ம பல வீட்டுக்குச் சோறு போடுது. பிரஸ் ஷாப்பில் விரல் போனவங்க கதை இங்கே யாருக்கும் புதுசில்லை. அவங்களுக்கு ஈ.எஸ்.ஐ. நிரந்தர ஊனப் பலன் தனியா உண்டு. அங்கே மெடிக்கல் போர்டு பார்க்கிறது சம்பாதிக்கிற திறன் எவ்வளவு போச்சு என்பதை. யூ.டி.ஐ.டி.க்கு டாக்டர் பார்க்கிறது உடல் பாதிப்பு எவ்வளவு என்பதை. இரண்டு சதவீதமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்லை. ஒரு இடத்தில் 40 வரலைன்னு இன்னொரு இடத்தை விட்டுடாதீங்க. ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு பொதுவா 21,000. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு 25,000.

பி.எஃப்.லயும் ஒண்ணு இருக்கு. பென்ஷன் திட்டத்தில் இருந்த அப்பாவோ அம்மாவோ இறந்துட்டா, முழுமையா நிரந்தர ஊனமுற்ற பிள்ளைக்கு வயசு வரம்பில்லாமல் ஆயுள் முழுக்க ஓய்வூதியம் உண்டு. 25 வயசோட முடியாது. பதிவுகளில் அந்தப் பிள்ளையின் பேர் இருக்கான்னு இப்பவே பாருங்க.

சரி, பணம் சாங்ஷன் ஆகிடுச்சு. அப்புறமும் நிற்கிற இடங்கள் மூணு.

ஒண்ணு, வங்கி. ஆதார் வழியா அனுப்புற பணம், கடைசியா ஆதார் இணைச்ச கணக்குக்குத்தான் போகும். வேற ஏதோ காரணத்துக்குப் புதுக் கணக்கு ஆரம்பிச்சு அங்கே ஆதார் இணைச்சிருந்தா, பணம் அங்கே விழுந்துகிட்டிருக்கும். நீங்க பழைய பாஸ்புக்கையே பார்த்துக்கிட்டிருப்பீங்க. கணக்கும் குறைஞ்சபட்ச இருப்பு கேட்காத அடிப்படை சேமிப்புக் கணக்கா இருக்கட்டும்.

இரண்டு, வாழ்நாள் சான்று. பராமரிப்புத் தொகை வாங்குறவங்க வருஷா வருஷம் கொடுக்கணும். கொடுக்கலைன்னா பணம் நிற்கும்.

மூணு, 18 வயசு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 முடிஞ்சா, பெற்றவங்களே ஆனாலும் சட்டப்படி நீங்க தானாகக் காப்பாளர் கிடையாது. வங்கியில் கையெழுத்து கேட்பாங்க. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுதான் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். பிறந்தநாள் முடிஞ்சதுமே விண்ணப்பிச்சிடுங்க. இதே நாலு பிரிவுக்கும் "நிரமயா" மருத்துவக் காப்பீடு, 1 லட்சம் வரை உண்டு.

கடைசியா, தொகை போதுமா? இதையும் நேரா பேசுவோம். 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான இதே போன்ற திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்கு 25 சதவீதமாவது கூடுதலா இருக்கணும்னு சொல்லுது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. அதோட 25 சதவீதம் சேர்த்தா சரியா 1,500. சட்டம் கேட்கிற அடிமட்டத்தில் நிற்கிறோம்னு அர்த்தம். இனி முதியோர் தொகை ஒரு ரூபாய் ஏறினாலும் இதுவும் ஏறியே ஆகணும். பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாய். மத்திய அரசு தர்ற பங்கோ, அதுவும் 80 சதவீதப் பாதிப்பும் வறுமைக்கோடும் இருந்தால்தான், 300 ரூபாய். 2012லிருந்து அதே 300. அன்னைக்கு 300க்கு வாங்கின மளிகை இன்னைக்கு எவ்வளவுன்னு உங்க வீட்டு அம்மாவைக் கேளுங்க. இது எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி. நாங்களும் கேட்போம், நீங்களும் எங்களைக் கேளுங்க.

இது பிச்சை இல்லை, சலுகையும் இல்லை. சட்டம் எழுதி வச்ச உரிமை. யூ.டி.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "ஆயிரம் கொடு, முடிச்சுத் தர்றேன்"னு வர்ற புரோக்கரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. மனு கொடுத்தால் ரசீது எண் வாங்குங்க, தேதியோட ஒரு நோட்டில் எழுதி வைங்க. ஒரு மாசத்தில் பதில் இல்லைன்னா அந்த எண்ணோட 1100க்கு போன் பண்ணுங்க.

ஆதார் எண்ணையோ அட்டை போட்டோவையோ இந்தப் பதிவின் கீழே போடாதீங்க. பேப்பரோட நம்ம பகுதி தோழர்களை நேரில் பாருங்க. படிவத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கிறது எங்க வேலை. உங்க தெருவில் வெளியே வர முடியாமல் இருக்கிற ஒருத்தர் வீட்டுக்கு இந்தத் தகவலை இன்னைக்கே கொண்டு போய்ச் சேருங்க.



#மேனாம்பேடு #அம்பத்தூர் #மாற்றுத்திறனாளிகள்_உரிமை