மாறுவதும் மாறாததும்
(திருக்குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)

 

ஊரைக் காப்பதாவது, ஊரில் எதனையும் மாறவிடாமல் தடுப்பதே என்று அடியேன் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இத்திருப்பணி தொடங்கியபோது, காரை உதிர்ந்த பழைய மடைப்பள்ளியை இடிக்கலாகாது என்று வாதிட்டவனும் அடியேனே. அவ்வெண்ணம் சரியா என்பதை அறிய, நமக்கு அணித்தேயுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைச் சிறிது நினைத்துப் பார்ப்போம்.

முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய அத்திருக்கோயிலின் மதிற்கற்களை, 1836-ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துச் சென்றனர். ஊர் மக்கள் தடுத்தனர், தடுத்தவர்கள் தண்டிக்கப்பெற்றனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகக் கொடுத்த வாக்கும் நிறைவேறவில்லை என்பதை, 1855-இல் வெளிவந்த ஆங்கில நூலொன்றே வருத்தத்துடன் குறிக்கின்றது.

அவ்வணை தேக்கிய நீர் வீராணம் ஏரியை நிரப்பிற்று, கீழ்ப்பகுதி வயல்களை விளைவித்தது, இன்றும் விளைவிக்கின்றது. ஆதலின் அணை தீதன்று. மக்கள் தொழுத பொருளை வெறுங் கல்லென்று கண்டதும், அவர்தம் சொல்லைக் கேளாததுமே தீது.

நம் ஆகமங்கள் மாற்றத்தை மறுப்பன அல்ல. பழுதுற்ற ஆலயத்தைப் புதுக்குதற்குச் சீர்ணோத்தாரணம் என்னும் முறையை அவை வகுத்துள்ளன. முதலில் பாலாலயம் அமைத்து இறைவனை அங்கே எழுந்தருளுவிக்கின்றோம். அதன் பின்னரே உளி கல்லைத் தொடுகின்றது. திருப்பணி நடக்குங்காலத்தும் பூசை நிற்பதில்லை. காக்க வேண்டியது இன்னது என்று தேர்ந்து, அதனைப் பேணி வைத்த பின்னரே மற்றவற்றை மாற்றுக என்பதே இதன் கருத்து.

மடைப்பள்ளி இடிக்கப்பட்டது. புதியதில் சமைத்த திருவமுதை இன்று கண்டேன். என் வருத்தம் நீங்கிற்று. ஆனால் எழுத்துப் பொறித்த கல் ஒன்றையேனும், படியெடுக்காமலும் ஊராரைக் கேளாமலும் அசைக்க ஒருப்படாதீர்கள்.

நம் இளைஞர் பொருள் தேடி வெளிநாடு செல்கின்றனர், செல்லட்டும். அவர்கள் அனுப்பிய பொருளும் இவ்விமானத்தில் கலந்துள்ளது. எனினும், பண்ணோடு தேவாரம் ஓதும் பிள்ளைகள் இவ்வூரில் அருகி வருகின்றனர். கோபுரம் பழுதுற்றால் மீண்டும் கட்டலாம். நாவிலிருந்து நழுவிய பண்ணை எந்தத் தச்சன் கட்டித் தருவான்? அதற்குரிய பாலாலயம் பிள்ளைகளின் நெஞ்சமே.

நாளை முதல் மாலைதோறும் அடியேன் இம்மண்டபத்தில் இருப்பேன். திருமடத்தில் ஆசிரியரிடம் கேட்டவற்றை உள்ளவாறு சொல்லித் தருவேன். உங்கள் பிள்ளைகளை, பெண்மக்களையும் சேர்த்தே, அனுப்புங்கள். எழுபது கடந்த அடியேனுக்கு இதுவே எஞ்சிய திருப்பணி.

திருச்சிற்றம்பலம்.