இரண்டு கண்ணாடிகள்

முகம் பார்ப்பதும் கண்ணாடி, தண்ணீர் குடிக்கும் தம்ளரும் கண்ணாடி. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். டச்சுக்காரர்களுக்கு வேறு வேறு சொற்கள். அந்த இரண்டையும் வைத்துப் புகழ்பெற்ற இரண்டு படங்களை எடுத்தவர் நெதர்லாந்தின் பெர்ட் ஹான்ஸ்ட்ரா.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் டூலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த மக்கள் நாட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மொத்த மக்கள்தொகையே சுமார் ஒரு கோடிதான். பெரிய கதைப்படம் எடுத்தால் போட்ட பணம் திரும்பாது. அரசும் ஆலைகளும் கேட்டு வாங்கிய குறும்படங்கள்தாம் இயக்குநர்களுக்குச் சோறு போட்டன. அந்தக் கூலி வேலையை அவர்கள் கலையாக்கினார்கள்.

1950-இல் ஹான்ஸ்ட்ரா எடுத்த படம் 'ஹாலந்தின் கண்ணாடி'. காற்றாலை, மாடு, படகு எதையும் அவர் நேராகக் காட்டவில்லை. கால்வாய்த் தண்ணீரில் விழுந்த பிம்பத்தை மட்டும் எடுத்து, தலைகீழாக இருந்ததை நிமிர்த்தித் திரையில் வைத்தார். சிற்றலை எழுந்தால் வீடே நெளிகிறது. அலை அடங்கினால் வீடு மீண்டும் கூடி நிற்கிறது. 1951-இல் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான உயரிய பரிசு அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டே, ஹெர்ரிங் மீன்பிடிப்பைப் படமாக்கிய ஹெர்மன் வான் டெர் ஹோர்ஸ்ட் அதே பரிசை நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த கண்ணாடி 1958-இல் வந்தது. லேர்டாம் ஊர்க் கண்ணாடி ஆலைக்காக விளம்பரப் படம் எடுக்கப் போன ஹான்ஸ்ட்ரா, கூடவே தன் மனத்துக்குப் பிடித்த படம் ஒன்றையும் எடுத்தார். உருகிய கண்ணாடியைக் குழல் முனையில் எடுத்துத் தொழிலாளர்கள் ஊதுகிறார்கள். கன்னம் பலூனாக உப்புகிறது. அவர்கள் மூச்சோடு ஜாஸ் இசை சேர்ந்துகொள்கிறது. விளக்கிச் சொல்ல வர்ணனை கிடையாது. பிறகு எந்திரம் வருகிறது. வரிசையில் கழுத்துடைந்த பாட்டில் ஒன்று சிக்கிக்கொள்ள, பின்னால் வருபவை ஒவ்வொன்றாக விழுந்து நொறுங்குகின்றன. எந்திரம் நிற்கவே இல்லை. ஒரு மனிதக் கை வந்து அந்த உடைசலை எடுத்த பிறகுதான் வரிசை சீராகிறது.

பத்தே நிமிடப் படம். 1959-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் விருது பெற்றது. கட்டுமான வேகத்தில் எந்திரங்களைக் கொண்டாடிய காலத்தில், கைத்தொழிலாளியின் மூச்சுக்கு மரியாதை செய்த படம் அது. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். அதற்கு டச்சு மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.