பழைய போனும் ஒரு பாக்டீரியாவும்: தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியது



உங்க வீட்டு டிராயர்ல எத்தனை பழைய போன் கிடக்குது? 2022-ல் மட்டும் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையான மறுசுழற்சிக்குப் போனது அதில் கால் பங்குகூட இல்லை.

மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களுக்குப் போகுது. அங்கே வயரை எரிச்சு, சர்க்யூட் போர்டை வெறுங்கையால ஆசிட்ல முக்கி செம்பு எடுக்குறாங்க.

அந்த வேலையை ஒரு பாக்டீரியா செய்யும். பேரு அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ். (வாயில நுழையலையா, விடுங்க!) சுரங்கத்தோட அமிலத் தண்ணியில வாழுறது. இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்துதான் அது உயிர் வாழுது. அப்படி உருவாகும் ஃபெரிக் இரும்பு, அரைச்ச போர்டுல இருக்குற செம்பைக் கரைக்கும். சக்தி இழந்த இரும்பை பாக்டீரியா மறுபடி தயார் பண்ணிடும். எரிக்க வேண்டாம், புகை இல்லை.

குறை ஒண்ணு இருக்கு, மறைக்கல. ஆசிட் சில மணி நேரத்துல முடிக்கிறதை இது நாள்கணக்குல செய்யும். லாபம் மட்டும் பார்க்கிறவங்க அதனால தயங்குறாங்க. ஆகவே முதல் பணத்தை அரசு போடணும். ஆலை வந்தா, முதல் வேலை இன்னைக்கு ஆசிட்ல கை வைக்கிற அந்தத் தொழிலாளிக்கே கொடுக்கணும். நாம கேட்கிறது இதைத்தான்.