சொல்லைப் பகுக்கும் கண்



தணிகை மலையடியில் வாழும் சிறாருள் பலர்க்கு வீட்டுமொழி தெலுங்கு. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலானோர் முன்னின்ற வடவெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்பிரல் 1 அன்று ஆந்திரத்தினின்று பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பினின்று படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. நிலம் போராட்டத்தால் வந்தது. பாடம் சட்டத்தால் வந்தது. ஆனால், படிக்கும் திறன் சட்டத்தால் வருவதன்று. கற்பிக்கும் முறையால் வருவது.

எழுத்தனைத்தும் கற்ற தெலுங்கு வீட்டுச் சிறுவன் ‘மரத்தில்’ என்பதைப் பிழையின்றி ஒலிக்கிறான். பொருளோ அவனுக்கு எட்டவில்லை. ‘மரம்’ அவன் அறிந்த சொல்லே. எனினும் மரத்தில், மரத்தை, மரங்களுக்கு என்பன ஒவ்வொன்றும் அவனுக்குப் புதுச்சொல்லாய்த் தோன்றுகின்றன. இவற்றையெல்லாம் தனித்தனியே நெட்டுருச் செய்வது எவர்க்கும் இயலாது. மரம் + அத்து + இல் என்று பகுக்கக் கற்றவனுக்கோ குளத்தில், படத்தில், பணத்தில் என்பனவும் உடனே விளங்கும்.

இவ்வழியைத் தமிழர் பிறரிடம் இரக்க வேண்டுவதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் யாத்த நன்னூலின் பதவியல், பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனச் சொல்லின் உறுப்புகளை ஆறாக வகுத்தது. நடந்தான், நடக்கிறான், நடப்பான் என்னும் மூன்றிலும் பகுதி ‘நட’, ஈறு ‘ஆன்’. இடையில் நிற்கும் த், கிறு, ப் என்பன முறையே இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் காட்டுகின்றன. தேர்வுக்காக மட்டும் உருப்போடப்படும் இவ்விலக்கணம் உண்மையில் படிப்புக்குக் கண்ணாகும்.

தெலுங்குச் சிறுவன் வெறுங்கையோடு வருபவனும் அல்லன். 1816-இலேயே எல்லீசர் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு, தெலுங்கு தமிழோடும் கன்னடத்தோடும் ஓரினம் என நிறுவினார். தமிழில் ஊர், கண். தெலுங்கில் ஊரு, கன்னு. ‘உமக்கு’ என்பது அங்கே ‘மீகு’. இரண்டிலும் ‘கு’ உருபே நிற்கிறது. ‘வந்தான்’ என்பது ‘வச்சாடு’. ஆண்பாலை இரண்டிலும் ஈறே காட்டுகிறது. ஆயின், அவள் வந்தாலும் அது வந்தாலும் தெலுங்கில் ‘வச்சிந்தி’ ஒன்றே. தமிழில் வந்தாள், வந்தது என ஈறு வேறுபடும். அச்சிறுவன் இடறும் இடம் இது. இதனை அறிந்த ஆசிரியர் அவனைக் கடியார். ஈற்றைச் சுட்டிக் காட்டுவார்.

பகுப்பதற்கும் எல்லை உண்டு. ‘பாட்டி’ என்னும் சொல்லில் ‘பாட்டு’ இல்லை. பகுத்துக் கண்ட பொருள் சொற்றொடரில் பொருந்துகிறதா எனப் பார்க்கவும் பழக்குதல் வேண்டும்.

தூயதமிழின் இன்றியமையாமையும் இங்கே விளங்கும். ‘சைக்கிள்’ என்னும் சொல் தமிழ் கற்கும் பிள்ளைக்கு வேறொரு சொல்லையும் திறந்து காட்டாது. ‘மிதிவண்டி’யோ தன் பொருளைத் தானே உரைப்பதோடு, மாட்டுவண்டி, தொடர்வண்டி என இனச்சொற்களையும் அழைத்து வரும். அயற்சொல் பெருகப் பெருக, பகுக்க இயலாத சொற்களின் சுமை அப்பிள்ளையின் தலையிலேயே ஏறும்.

ஆகலின், நாளுக்கொரு வேர்ச்சொல்லும் அதில் கிளைக்கும் ஐந்து சொற்களும் வகுப்பில் பயிற்றப்பெறுக. திருத்தணியில் அப்பயிற்சியை ஊர்ப்பெயரிலேயே தொடங்கலாம். முருகன் சினம் தணிந்த இடம் தணிகை என்பது மக்கள் வழக்கு. தணி, தணிந்தது, தணிக்கிறான், தணிவு, தணிகை எனக் கரும்பலகையில் எழுதினால், நாளும் மலையைக் காணும் பிள்ளை அதன் பெயரையும் பொருளுணர்ந்து படிக்கும். வடவெல்லையில் தமிழ் வேரூன்ற வழி அதுவே.

வாழ்க தமிழ்!