பால் இனிப்பும் கடிகாரமும்



குழந்தைக்கு வாந்தி என்று மருத்துவமனைக்கு ஓடி வருகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான். "நல்லாத்தான் இருந்துச்சு, வாடைகூட இல்லையே!" அவர்கள் சொல்வது உண்மைதான். பால் பாயசம், ரசமலாய், கஸ்டர்டு, கிரீம் கேக் போன்றவற்றில் நோய்க்கிருமி பெருகியிருந்தாலும் மணமோ ருசியோ மாறாமல் இருக்கலாம். அதனால் முகர்ந்து பார்ப்பது சோதனை ஆகாது. கடிகாரத்தைத்தான் பார்க்கணும்.

காரணம் இதுதான். ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் இருக்கிறது. கையில் சீழ்ப்புண் இருந்தால் இன்னும் அதிகம். இனிப்பு செய்பவர், பரிமாறுபவர் கையிலிருந்து அது பாலுக்குள் போய்விடும். வெளியே வைத்த இனிப்பில் வேகமாகப் பெருகி, ஒரு நச்சை உண்டாக்கும். திரும்பக் கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். நச்சு அப்படியே இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் அது போகாது.

2000-ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். ஹொக்கைடோவில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் ஒரு தொழிற்சாலையில் கரண்ட் போனது. குளிரூட்டப்படாமல் கிடந்த பாலில் இந்தக் கிருமி பெருகியது. அதை வைத்துத் தயாரித்த பால் பவுடரில் நச்சு மிஞ்சியது. அந்தப் பவுடர் சேர்த்த பாலைக் குடித்து 13,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். பெரிய ஆலையிலேயே இந்த நிலை என்றால், மின்தடை வரும் நம் வீட்டில் எவ்வளவு கவனம் வேணும்?

வீட்டில் செய்ய வேண்டியவை:

• சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே இனிப்பைத் தொடுங்கள். கையில் புண் இருப்பவர் பரிமாற வேண்டாம்.

• பாயசம், கஸ்டர்டு ஆறியதும் சிறு பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் வைத்த பாயசம் சாயங்காலம் வரை மேடையிலேயே இருந்தால், மனசைத் தேற்றிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

• கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் பால் இனிப்பைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போதும் கேளுங்கள். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் 'எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்' என்று எழுதி வைக்கும் விதி 1.10.2020 முதல் அமலுக்கு வந்தது. பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். உருகி, உருக்குலைந்து, மறுபடி உறைந்த ஐஸ்கிரீம் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு கவனித்தும் குழந்தைக்கு வந்துவிட்டால்? இந்த நச்சால் வரும் வாந்தி அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் தொடங்கும். சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் காய்ச்சலும் பேதியும் பிறகு வரலாம். குழந்தையின் சிறிய உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டுப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்காதீர்கள். கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், மலத்தில் ரத்தம், சோர்ந்து கிடத்தல், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கூட்டிச் செல்லுங்கள். அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

கெட்டுப்போன இனிப்பை விற்கும் கடையைப் பற்றித் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யலாம். கடையின் பெயர், இடம், வாங்கிய தேதி, படம் இருந்தால் நல்லது. மீதமுள்ள இனிப்பை மூடி ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள், ஆய்வுக்கு உதவும். 'நம்ம பிள்ளைக்குச் சரியாயிடுச்சே' என்று விட்டுவிடாதீர்கள். அதே தட்டிலிருந்து நாளைக்கு வாங்கப்போவது இன்னொரு வீட்டுக் குழந்தை.