கூட்டுக் கணக்கு: கையெழுத்து யாருடையது, காசு யாருடையது?

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



1880-இல் கல்லூரியாக உயர்ந்த நம் மன்னர் கல்லூரியின் பழம்பெருமையைப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு விஷயத்தைப் பேசுகிறேன். வயதான பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே வங்கிக் கணக்கை வைத்துக்கொள்வது பற்றி.

நம்முடையது சமஸ்தான காலத்தில் சொந்தமாக அம்மன் காசு அடித்த ஊர். அந்தக் காசை ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்தால் அது பாட்டி காசு. யாருக்கும் சந்தேகம் வராது. இன்றைக்குப் பாட்டியின் பணம் வங்கியில் இருக்கிறது. ஏ.டி.எம். கார்டு மகன் சட்டைப் பையில். ஓ.டி.பி. வருவது பேரன் போனில். 1991-92-இல் நம் மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தார்கள். அப்படி வந்த அம்மா, இன்று தன் பணத்தில் ஐந்நூறு ரூபாய் எடுக்க மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கிறார் என்றால் யோசிக்க வேண்டாமா?

கூட்டுக் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. முடியாத காலத்தில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறோம் என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை. ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்றால், யார் வேண்டுமானாலும் மற்றவரைக் கேட்காமல் முழுத் தொகையையும் எடுக்கலாம். ‘முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்றால், முதல் பெயருக்கு உரியவர் இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்கலாம். அவர் காலத்துக்குப் பிறகே அடுத்தவர். ‘கூட்டாக’ என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு கையெழுத்தும் வேண்டும். மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொன்று. அப்பா காலமான பிறகு கூட்டுக் கணக்கில் இருக்கும் மகனுக்கு வங்கி பணம் கொடுத்துவிடும். அதனாலேயே அந்தப் பணம் அவன் ஒருவனுக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. அம்மாவுக்கும், அக்கா தங்கைக்கும் வாரிசுப் பங்கு உண்டு. நாமினி விஷயமும் அப்படித்தான். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்ல என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். அப்போதும் வாரிசு உரிமை மாறாது. இன்னாருக்கு இவ்வளவு என்று நினைத்தால், அவரவர் சமயச் சட்டத்துக்கு உட்பட்டு உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், சாட்சி இரண்டு பேர் வேண்டும்.

அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்திலும் கடற்கரை ஊர்களிலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போன பிள்ளைகள் நிறைய. சம்பாத்தியம் முழுவதையும் அப்பா கணக்குக்கு அனுப்புவார்கள். அப்பா திடீரென்று போய்விட்டால், அது யார் பணம் என்ற கேள்வி வரும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொத்தாகத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆகவே சேமிப்பை உங்கள் என்.ஆர்.இ. கணக்கில் வையுங்கள். 2011 முதல் ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரை அதில் ‘முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ முறையில் சேர்க்கலாம். வீட்டுச் செலவுக்கு உள்ளதை மட்டும் அப்பா கணக்குக்கு அனுப்புங்கள்.

ஒருவருக்காக மட்டும் நான் அதிகம் வருத்தப்படுவேன். பெற்றோரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளை. பெரும்பாலும் அது மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். மருந்து, ஆஸ்பத்திரி, ஆட்டோ என்று அலைந்தது அவர்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "அம்மா கணக்குல இருந்த பணம் எங்கே?" என்று வெளியூரிலிருந்து வந்த அண்ணன் தம்பி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எடுத்த தேதி, தொகை, எதற்கு என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை கூடப்பிறந்தவர்களுக்கும் காட்டுங்கள். அது உங்களுக்குக் கவசம்.

என் யோசனை எளிமையானது. இரண்டு கணக்கு வையுங்கள். மாதச் செலவுக்கு உள்ளதைப் பிள்ளையோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் போடுங்கள். ஆயுள் சேமிப்பைப் பெற்றோர் தங்கள் பெயரிலேயே வைத்து, நாமினி மட்டும் போடட்டும். படுக்கையில் விழுந்தால் எப்படி எடுப்பது என்ற பயம் வேண்டாம். கையெழுத்துப் போட முடியாதவரின் கைவிரல் அல்லது கால்விரல் ரேகையை, வங்கியின் பொறுப்பான அதிகாரி உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாங்கிப் பணம் தர ரிசர்வ் வங்கி வழி சொல்லியிருக்கிறது. எழுபது வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்றும் 2017-இல் அறிவுறுத்தியது. கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது பாசம் இல்லாமல் அல்ல. பாசம் நிலைக்க வேண்டும் என்றுதான். தம்பி தங்கைகளே, அப்பா அம்மாவுக்காக நெட் பேங்கிங் பார்த்துக் கொடுப்பது நீங்கள்தான். பார்த்துக் கொடுங்கள், பாஸ்புக்கில் பதிந்து, "இவ்வளவு இருக்கும்மா" என்று வாசித்தும் காட்டுங்கள். மூத்தவர்களே, இந்த விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கும்போது, நல்லபடியாக இருக்கும் இந்தக் காலத்திலேயே, எங்கே எவ்வளவு இருக்கிறது, யாருக்கு என்ன என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.