பட்வாரியின் பேனா



சரண் சிங் என்றதும் 1979-இல் பிரதமராகி, நாடாளுமன்றத்தை ஒரு நாள்கூடச் சந்திக்காமல் பதவி விலகியவர் என்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது உத்தரப் பிரதேசத்தின் வருவாய்த்துறை அமைச்சராக இருந்த சரண் சிங்கைப் பற்றி.

1902-இல் மீரட் மாவட்டம் நூர்பூரில், குத்தகை விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆக்ராவில் படிப்பு, காசியாபாத்தில் வக்கீல் தொழில், 1937-இல் சட்டமன்றம். அந்தத் தலைமுறைக் காங்கிரஸ்காரர்கள் பலர் நடந்த பாதைதான். ஆனால் வயலைத் தெரிந்த அளவுக்கு வயலைப் பற்றிய பதிவேட்டையும் தெரிந்த அரசியல்வாதிகள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. அவருக்கு இரண்டும் தெரியும்.

1952 ஜூலை 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில், அவர் முன்னின்று உருவாக்கிய ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உழுதவருக்கு நில உரிமை என்று சட்டம் சொல்லிவிட்டது. சரி, உழுதவர் யார் என்று யார் சொல்வது? நம் ஊர் அடங்கலைப் போல அங்கே கஸ்ரா என்றொரு பதிவேடு உண்டு. எந்தப் புலத்தில் யார் சாகுபடி, என்ன பயிர் என்று அதில் எழுதுபவர் பட்வாரி. தலைமுறையாக ஒருவர் உழுதுவந்த நிலத்துக்கு நேரே ‘ஜமீன்தாரின் சொந்தச் சாகுபடி’ என்று பட்வாரி எழுதிவிட்டால் போதும்; லக்னோவில் நிறைவேறிய சட்டம் அந்த ஒரு வரியில் செத்துப்போகும். உழுதவருக்கோ எழுத்து வாசிக்கத் தெரியாது.

அந்தப் பட்வாரிகள் 1953-இல் சம்பளக் கோரிக்கையை முன்வைத்து ஆயிரக்கணக்கில் ராஜினாமா கொடுத்தார்கள். நிலச் சீர்திருத்தம் நடுவழியில் நிற்கிறது, அரசு இறங்கி வந்துதானே ஆகவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சரண் சிங் ராஜினாமாக்களை ஏற்றுக்கொண்டார்! பட்வாரி பதவிக்குப் பதிலாக லேக்பால் என்ற பதவியை உருவாக்கிப் புதிய ஆட்களை எடுத்தார். கடுமையான முடிவுதான், வேலை போன குடும்பங்கள் பட்டபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் பதவிகளை ஒழிக்க நாம் 1980 வரை காத்திருந்தோம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சரண் சிங் பிடிவாதக்காரர். 1959-இல் நாக்பூர் காங்கிரஸில், கூட்டுப் பண்ணை முறையை நேரு ஆதரித்தபோது எழுந்து எதிர்த்தார். தன் நிலம் என்ற பிடிப்பு போனால் விவசாயி மனம் ஒன்றி உழைக்கமாட்டான் என்பது அவர் வாதம். சில மாதங்களில் அமைச்சர் பதவியும் போனது. 1967-இல் கட்சி மாறி முதலமைச்சரானார். அந்த ஆட்சி ஓராண்டுகூட நிற்கவில்லை. கட்சி அரசியலில் அவரைப் பின்பற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொரு குறையும் உண்டு. அவருடைய சட்டம் குத்தகைதாரரைத் தூக்கிவிட்டது. நிலமே இல்லாத கூலிக்காரருக்கு, பெரும்பாலும் தலித்துகளுக்கு, அதனால் கிடைத்தது சொற்பம். பதிவேட்டில் பெயர் இருந்தவருக்காக அவ்வளவு போராடியவர், பெயரே ஏறாதவரைப் போதிய அளவு பார்க்கவில்லை.

வேளாண் பட்டதாரிகளே, அந்தப் பட்வாரியின் பேனா நாளை உங்கள் கைக்கு வரும். உங்களில் சிலர் கிராம நிர்வாக அலுவலராவீர்கள். சிலர் வேளாண்மைத் துறைக்கும் வங்கிக்கும் போவீர்கள். மழையில் பயிர் சாய்ந்துபோன ஒருவர், காப்பீட்டுக்காக அடங்கல் கேட்டு உங்கள் மேசை முன் வந்து நிற்பார். பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும். வாய்வழிக் குத்தகை, கையில் ஒரு துண்டுச் சீட்டும் இராது. நாளைக்கு வா என்று சொல்லிவிடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு அவருடன் வயலுக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்து வயல்காரரையும் விசாரியுங்கள். பிறகு எழுதுங்கள்.